பெயரிடக் கொல்லலாமா?

விளக்கை நாடி வரும் பூச்சிகள் உணவில் விழுந்து மடியக்கூடாது என்பதற்காகவும் சமணர்கள் பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கிறார்கள். அந்துப்பூச்சி ஆய்வாளரோ மழைக்காட்டில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கேற்றி அவற்றை வரவழைக்கிறார். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஜார்ஜ் ஹாம்ப்சன் 1892-ல் வெளியிடத் தொடங்கிய இந்திய அந்துப்பூச்சித் தொகுதிகள், கொன்று ஊசி குத்திய உடல்களைக் கொண்டு எழுதப்பட்டவை. சிறகை வைத்துப் பிரிக்க முடியாத பல இனங்களை இன்றும் இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்த்தே உறுதிசெய்கிறார்கள்.

பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் கொல்லைகளில் கேள்வி வேறு. 2018-ல் இந்தியாவில் கண்டறியப்பட்ட படைப்புழுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுப் பருவம்தான். தலையில் தலைகீழ் ‘ஒய்’, வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளிகள். இந்த அடையாளத்தை விவசாயி கற்பதே புழுவை ஒழிக்கத்தான்.

பயிரைக் காப்பவரை நொந்துகொள்ள நியாயமில்லை.

ஆய்வாளருக்கோ வேறு வழி உண்டு. படமே போதுமான இனத்தைப் பறக்க விடலாம். ஒற்றைக் காலிலிருந்தே மரபணுவைப் படிக்கலாம். பெயர் தெரியாத உயிர்களுக்காகக் காட்டைக் காக்க வாதாடுவது கடினம் என்று அவர் சொல்வதில் வலு இருக்கிறது. ஆனால் அந்த வாதம் ஒன்றிரண்டு மாதிரிகளுக்குத்தான் பொருந்தும், துணியில் வந்து அமர்ந்த அத்தனைக்கும் அல்ல.