கப்பலும் ஊரும்

2023ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் காங்கேசன்துறைக்கு ஓர் உல்லாசக் கப்பல் வந்தது. சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாக வந்த ‘எம்பிரஸ்’ என்னும் அக் கப்பலின் பயணிகள் சில மணி நேரம் யாழ்ப்பாணத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மீண்டும் ஏறிச் சென்றனர். அதனைத் தொலைவில் நின்று பார்த்தோருள் என் நண்பர் ஒருவரும் இருந்தார். இளைப்பாறிய ஆசிரியர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் மூவரும் மூன்று நாடுகளில் இருக்கிறார்கள்.

“உப்பிடியான கப்பலிலை சிலபேர் சாகும்வரைக்கும் சீவிக்கினமாம், கேள்விப்பட்டனீரோ?” என்று சில நாட்களின் பின் என்னிடம் கேட்டார். “பிள்ளையள் ஒவ்வொரு கண்டத்திலை. எனக்கு இந்தக் கரையென்ன, அந்தக் கரையென்ன? காசிருந்தால் நானும் ஏறியிடுவன்.”

அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஆதலால் நானும் அதனை வேடிக்கையாகக் கொள்ளவில்லை.

அவர் கேள்விப்பட்டது உண்மையே. ‘த வேர்ல்ட்’ என்னும் கப்பல் 2002ஆம் ஆண்டு முதல் உலகைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதிலுள்ள 165 குடியிருப்புகளும் அவற்றில் வாழ்வோருக்கே சொந்தம். அவ்வளவு செல்வம் இல்லாதோருக்கு அறையை வாடகைக்கோ ஒரே விலைக்கோ தரும் கம்பெனிகளும் தோன்றியுள்ளன. இக் கனவின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 2024 மே மாத இறுதியில் பெல்பாஸ்ற் துறையிலிருந்து புறப்படவேண்டிய ‘வில்லா வீ ஒடிசி’ திருத்தவேலை காரணமாக நான்கு மாதங்கள் அங்கேயே கிடந்தது. தரையைத் துறந்து வந்தவர்கள் தரையிலேயே காத்துக் கிடந்தனர். கப்பலில் வைத்தியர் உண்டு. நீண்டகால நோயாளரைப் பேணும் வைத்தியசாலை இல்லை. நோய் முற்றியவர் அடுத்த துறையில் இறக்கப்படுவார். அத் துறை எந்த நாட்டில் அமையும் என்பது நோயாளியின் கையில் இல்லை.

இவற்றைக் காட்டி மட்டும் என் நண்பரை மறுத்துவிட முடியாது. முதுமை எங்கே இருந்தாலும் இடர்தான். 2004ஆம் ஆண்டு அமெரிக்க முதியோர் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் இரு ஆய்வாளர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினர். 80 வயதான ஒருவர் மேலும் 20 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தால், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் அவருக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 228,000 டொலர். உல்லாசக் கப்பலில் ஏறத்தாழ 230,000 டொலர். இரண்டாயிரம் டொலர் வேறுபாட்டுக்கு மூவேளை விருந்தும் நாள்தோறும் விரித்த படுக்கையும் கடற்காற்றும்!

அரண்மனைச் சேவகம் எப்படி இவ்வளவு மலிவாயிற்று? பொருளியல் பயிலும் மாணவர் எவரும் இவ் வினாவை எழுப்பாமல் அக் கணக்கைக் கடந்து போகலாகாது. மாதக்கணக்கில் கப்பலை விட்டிறங்காத மற்றொரு கூட்டம் நீர்மட்டத்தை ஒட்டிய தட்டுகளில் வாழ்கிறது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா, நம் இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து வந்து துணி வெளுப்போர், சமைப்போர், அறை துடைப்போர் அவர்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழில் உடன்படிக்கை ஏழு நாட்களில் குறைந்தது 77 மணித்தியால ஓய்வு வேண்டும் என்கிறது. வாரத்தின் 168 மணித்தியாலத்தில் 77ஐக் கழித்தால் மிகுவது 91. அத்தனை மணித்தியாலமும் வேலை வாங்குவதற்கு இவ் விதி இடம் தருகிறது. கப்பலில் பறப்பது பெரும்பாலும் பகாமாஸின் கொடி, அல்லது பனாமாவின் கொடி. முதலாளி ஒரு நாட்டில், கொடி ஒரு நாட்டில், தொழிலாளி ஒரு நாட்டில். அவன் எந்த வாயிலில் நின்று நியாயம் கேட்பான்?

2020இல் கொள்ளைநோய் பரவியபோது இவ் வேறுபாடு வெளிப்பட்டது. உல்லாசக் கப்பல்களின் பயணிகள் பெரும்பாலும் முன்னதாக வீடு சேர்ந்தனர். உலகின் கப்பல்களில் எல்லாமாக ஏறத்தாழ நான்கு லட்சம் தொழிலாளர், ஒப்பந்தம் முடிந்தும் கரையிறங்க வழியின்றி அவ் வாண்டில் தவித்தனர். ஆயுள் முழுதும் கப்பலில் வாழ்வது சிலருக்கு விருப்பம். இவர்களுக்கோ அது சிறையாயிற்று.

ஆயின், ‘கப்பலை விடு, ஊரே சொர்க்கம்’ என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொல்வதற்கு எனக்கு நா எழவில்லை. அந்த உல்லாசக் கப்பல் நின்ற துறையிலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில்தான் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் இருக்கிறது. 1968ஆம் ஆண்டு, உள்ளே செல்லும் உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் அதன் வாயிலில் நின்றார்கள். கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. நம் ஊரும் மேல்தட்டும் கீழ்த்தட்டும் கொண்ட கப்பலாகவே இருந்தது. கிணற்றடியிலும் தேநீர்க்கடையிலும்கூட அத் தட்டுகள் பிரிந்திருந்தன. இதனை மறைத்து ஊர்ப்பற்றுப் பாடுவோரிடம் எனக்கு மதிப்பில்லை.

எனினும் ஒன்று உண்டு. அவர்கள் அவ் வாயிலில் நின்றார்கள். தாம் அவ்வூரார் என்பதனாலேயே நின்றார்கள். இந்தக் கோயிலில், இந்தக் கிணற்றில், இந்த வீதியில் எமக்கும் பங்குண்டு என்று சொல்வதற்கு ஊர் வேண்டியிருந்தது. பெருங்கப்பலின் பயணிக்கு அத்தகைய பங்கு இல்லை. அவருக்கு இருப்பது பணம் கட்டியவரின் உரிமை; கட்டணம் நின்ற நாளில் அதுவும் நின்றுவிடும். கம்பெனி விற்பது அறையை மட்டுமன்று; எவருக்கும் கடமைப்படாதிருக்கும் வசதியையும் விற்கிறது. அயலவன் வீட்டுச் செத்தவீட்டுக்குப் போகவேண்டியதில்லை. வாய்க்கால் வெட்டப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக் கூரைக்காக அலையவேண்டியதில்லை. இவ் வசதியை உலகக் குடிமை என்று அழைப்போரும், கணியன் பூங்குன்றனாரைத் துணைக்கு இழுப்போரும் உளர். அப் புலவர் ஊரோடு கேளிரையும் சேர்த்தே சொன்னார் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

காங்கேசன்துறைக்குக் கிழக்கே மயிலிட்டி. வடக்கின் பேர்பெற்ற மீன்பிடித் துறைகளுள் ஒன்று. 1990 ஜூனில் அதன் மக்கள் போரினால் பெயர்க்கப்பட்டனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டது. நலன்புரி நிலையங்களிலும் வாடகை வளவுகளிலும், தம் கடலிலிருந்து சில மைல் தொலைவில், பலர் 27 ஆண்டுகள் இருந்தனர். மயிலிட்டியைக் காணாமலே மயிலிட்டியார் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் ஒரு தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தது. 2017 ஜூலையில் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த ஒரு பகுதி நிலமும் மீண்டன. இடிந்த சுவர்களிடையே பற்றை வெட்டிக்கொண்டு அவர்கள் தேடியது கடல் தெரியும் அறையையன்று. எல்லைக்கல் எங்கே, கிணறு எங்கே, கோயிற் படி எங்கே என்றுதான் தேடினார்கள்.

கடலை நாம் அறியாதவரும் அல்லர். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கியபோது, அவ்வூர்க் கடலோடிகளே அதனைச் செலுத்திச் சென்று 1938 ஆகஸ்டில் மசாசூசெற்ஸ் கரையில் சேர்த்தனர். கடலில் நெடுங்காலம் கிடந்தவர்கள் அவர்கள். ஆனால் எங்கே போகிறோம் என்பதோடு எங்கே திரும்பவேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இவற்றையெல்லாம் ஒரு மாலையில் நண்பரிடம் விரித்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நீர் சொல்லுறது சரி,” என்றார். “ஆனால் ராவிலை நான் கிணத்தடியிலை விழுந்து கிடந்தால், ஆர் ஐசே வருவினம்? கப்பலிலை மணியை அடிச்சால் ஒருத்தன் ஓடி வருவான்.”

அவர் வளவின் கிழக்கு வேலிக்கு அப்பால் மூன்று வீடுகள், மேற்கே இரண்டு. ஐந்திலும் மின்விளக்கு எரியவில்லை. ஒன்றின் திறப்பு அவரிடமே இருக்கிறது. மாதம் ஒருமுறை போய் முற்றம் கூட்டுவித்துவிட்டு வருகிறார்.