நிற்றலும் திரும்பலும்

லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் என் கல்லூரித் தோழன் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். மாஸ்டா மியாட்டா. இரண்டே இருக்கை, ஆயிரம் கிலோவுக்குக் குறைந்த எடை, 1989ல் வெளிவந்த முதல் வரிசையைச் சேர்ந்தது. சனிக்கிழமை காலைகளில் ஏஞ்சலஸ் கிரெஸ்ட் நெடுஞ்சாலையில் மலையேறுகிறான். கையிலுள்ள பணம் ஒரு வேலைக்குத்தான் போதும். பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் போட்டு பிரேக்கை மாற்றுவதா, கெட்டியான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போட்டு சஸ்பென்ஷனை மாற்றுவதா என்று கேட்டு எழுதியிருந்தான். "நீதான் எல்லாவற்றிலும் தார்மீகம் பார்ப்பவனாயிற்றே, சொல்லுடா" என்று ஒரு குத்தல் வேறு. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வங்கிக்கு பஸ்ஸில் போகிறவன். ஆனாலும் கேள்வி இரண்டு வாரமாக என்னை விடவில்லை.

இயந்திர விஷயத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தார்மீகம் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுவதால்தான் அவர்கள் பேச்சு யாரையும் தொடுவதில்லை. பிரேக் காரை நிறுத்துவதில்லை. அது சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடி. நல்ல நிலையிலிருக்கும் சாதாரண பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடும் வலு உள்ளது. ஆகவே பெரிய டிஸ்க் போட்டதனால் முதல் தடவை நிற்கும் தூரம் குறைந்துவிடாது. அதன் பயன் பத்தாவது தடவையில். ஓட்டம் முழுதும் உஷ்ணமாகிறது. மலையிறக்கத்தில் திரும்பத் திரும்ப மிதிக்கையில் பேட் பிடியை இழக்கிறது. பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடுகிறது. பெரிய டிஸ்க் அந்த உஷ்ணத்தை வாங்கிக் காற்றில் விடுகிறது, அவ்வளவுதான். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 ரகம் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரமேறியபின் அதே விதி கேட்பது 155தான். பெரிய டிஸ்க்கைப் பற்றிக் கனவு காண்கிற பலருடைய கார்களில் ஊறிப்போன ஆயில்தான் இருக்கிறது.

சஸ்பென்ஷனின் வேலை நான்கு டயர்களையும் சாலையோடு அழுத்தி வைத்திருப்பது. பழைய, தளர்ந்த சஸ்பென்ஷனில் வளைவில் கார் சாய்கிறது, பிரேக் போட்டால் மூக்கைக் குத்துகிறது. கெட்டியான ஸ்பிரிங் இதைக் குறைக்கிறது. ஸ்டியரிங் சொன்னதை உடனே கேட்கிறது. வழவழப்பான சாலையில் அதே வளைவை இன்னும் கொஞ்சம் வேகமாகத் திரும்பலாம். சாலை உடைந்திருந்தால் இதே கெட்டித்தனம் டயரைத் துள்ள வைத்து, இருக்கிற பிடியையும் பறித்துவிடும்.

டயரின் பிடி ஒரே கணக்கு. நிற்பதற்கும் திரும்புவதற்கும் அதிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். திரும்புவதற்கே முழுதும் எடுத்துவிட்டவனுக்கு நிற்பதற்கு இருப்பு இல்லை. பிரேக், சஸ்பென்ஷன் என்று இரண்டு காசோலைப் புத்தகங்களை வைத்துக்கொண்டு எது உயர்ந்தது என்று கேட்கிறோம்.

இந்தத் துறையில் பழகியவர்கள் தயாராக வைத்திருக்கும் பதில், முதலில் நிற்க வழி பார், பிறகு ஓடு என்பது. சுவரில் எழுதி வைக்கத் தக்கது. எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. 1955 ஜூன் 11, லெ மான்ஸ் பந்தயம். மைக் ஹாதர்ன், லான்ஸ் மாக்லினின் ஆஸ்டின்-ஹீலியை முந்திக்கொண்டு போய், பிட்டில் நுழைவதற்காக பிரேக் போட்டார். அவருடைய ஜாகுவாரில் அக்காலத்தில் புதிதான டிஸ்க் பிரேக். மாக்லின் இடதுபுறம் விலகினார். பின்னால் வந்த பியர் லெவெக்கின் மெர்சிடஸ், டிரம் பிரேக் உள்ளது, ஹீலியின் மேல் ஏறிக் கூட்டத்தை நோக்கிப் பாய்ந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை, நானும் சொல்லவரவில்லை. ஒருவனால் சட்டென்று வேகம் குறைக்க முடிவது பின்னால் வருகிறவனுக்கு அபாயமாகவும் கூடும் என்பதை மட்டும் கவனிக்கிறேன். நிற்பதும்கூட மற்றவர்களோடு சேர்ந்து செய்கிற காரியம்.

1980களில் ம்யூனிக் நகரத்தில் ஒரு பகுதி டாக்சிகளுக்குச் சக்கரம் பூட்டாத ஏபிஎஸ் பிரேக் பொருத்தி, பொருத்தாதவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடி விபத்துக்கள் குறையவில்லை. கூடுதலாகக் கிடைத்த பாதுகாப்பை, வளைவுகளை இன்னும் வெட்டித் திரும்பியும் முன் வண்டியை நெருங்கியும் ஓட்டுநர்கள் செலவு செய்துவிட்டார்கள். மனிதனிடம் எதைக் கொடுத்தாலும் வேகமாக மாற்றிக்கொள்கிறான்.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அதைக் கண்டுபிடிக்க நான் காரை விட்டுவிட்டு வளைவைப் பார்க்க வேண்டியிருந்தது. மலைச்சாலை வளைவில் பாறை மறைக்கிறது. முப்பது மீட்டர் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலை, நல்ல டயர், சுதாரித்துக்கொள்ள ஒரு விநாடி. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் சுமார் 26 மீட்டரில் நின்றுவிடுவான். 70ல் போகிறவனுக்கு 43 மீட்டர் வேண்டும். தளர்ந்த சஸ்பென்ஷனில் 70ல் திரும்ப அவனுக்கு வயிறு கலங்கும். உடம்பு சாய்கிறது, டயர் கத்துகிறது. அந்தக் கலக்கம் ஒரு செய்தி. புதிய சஸ்பென்ஷன் அந்தச் செய்தியை நிறுத்திவிடுகிறது. 70ல் கார் சாயாமல் திரும்புகிறது. பாறை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. பாறைக்கு அப்பால் பஞ்சராகி நிற்கும் காரோ, சைக்கிளில் ஏறிவரும் ஒருவனோ இருக்கலாம். நம் திறமை கூடுகிற அளவுக்கு நம் பார்வை கூடுவதில்லை என்பதுதான் இங்கே விஷயம். பந்தயத் தளத்தில் வளைவுக்கு அப்பால் ஆபத்தென்றால் கொடியசைத்துச் சொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள். பொதுச்சாலையில் அப்படி யாரும் இல்லை.

பிரேக்கின் கூடுதல் திறனையும் வேகமாக்கிக்கொள்ளலாம்தான். ஆனால் அது பயன்படாமலே கிடந்தாலும் பிரயோஜனமுள்ளது. சஸ்பென்ஷன் தருகிற கூடுதல் வேகம் அப்படியல்ல, செலவழித்தால்தான் அது இருக்கிறது. வங்கியில் சாயங்காலம் வரை எடுக்கப்படாமல் கிடக்கும் ரொக்கத்தைச் சும்மா கிடக்கும் பணம் என்று மேலதிகாரிகள் கடிந்துகொள்வார்கள். ஒரே நாளில் எல்லோரும் வந்து நின்றால்தான் அது எதற்கென்று தெரியும்.

அவன் ஏறுகிற அதே சாலையில் 2009 ஏப்ரலில், கார்களை ஏற்றிச் செல்லும் லாரி ஒன்று பிரேக் இழந்து இறங்கியது. அடிவாரத்து லா கன்யாடா ஊரில் ஒரு காரை மோதி, அதிலிருந்த தகப்பனையும் மகளையும் கொன்று, ஒரு புத்தகக் கடைக்குள் புகுந்தது. பின்னர் அச்சாலையில் கனரக லாரிகளுக்குத் தடை வந்தது. சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் ஒரே தராசில் நிறுத்த முடியாமல் செய்தது எனக்கு இந்தச் செய்திதான்.

தோழனுக்கு எழுதினேன்: பெரிய டிஸ்க் வேண்டாம். ஆயிலை மாற்று, ரப்பர் ஹோஸை மாற்று, நல்ல பேட் போடு, டயர் வாங்கு. ஷாக் அப்சார்பர் செத்திருந்தால் பழையபடியே புதிதாகப் போடு. மீதிப் பணத்தை வைத்துக்கொள்.

எழுதியபின் சந்தேகம் வந்தது. இது தார்மீகமா, அல்லது வளைவில் வேகமாகத் திரும்பியே அறியாத ஒருவனின் சுபாவமா? அந்தச் சாலையில் அவன் அடைகிற சந்தோஷத்தை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அது உண்மையான சந்தோஷம் என்பது அவன் எழுதுகிற வாக்கியங்களிலேயே தெரிகிறது. என் சேமிப்பில் பாதி, எடுக்கத் துணிவில்லாததால் சேர்ந்தது. விமர்சனம் எழுதுகையில் மட்டும் தெரியாத வளைவுகளை நான் நூறில் திரும்பியிருக்கிறேன். அடிபட்டவர்கள் ஒன்றிரண்டு கவிஞர்கள். அவர்கள் அப்புறம் எழுதவில்லை.

பதில் வந்தது. ஆயில் மாற்றிவிட்டானாம். ஸ்பிரிங்கும் வாங்கிவிட்டானாம். கோபப்பட எனக்கு அருகதையில்லை. உனக்கு மிகவும் பிடித்த வளைவில் ஒருநாள் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நட, உன் இருக்கையிலிருந்து எத்தனை மீட்டர் தெரிகிறது என்று அளந்து எழுது என்று கேட்டிருக்கிறேன். இன்னும் எழுதவில்லை.