கார்மேல் மலை கற்பிக்கும் பாடம்



உத்தரிய மாதாவின் உத்தரியம் உமது கழுத்தில் தொங்குகிறது. அந்த மாதாவுக்குப் பெயர் தந்த கார்மேல் மலை எங்கே இருக்கிறதென்று எப்போதாவது விசாரித்ததுண்டா? இஸ்ராயேல் தேசத்தின் வட பாகத்திலே, ஹைபா என்னும் துறைமுகப் பட்டணத்தின் தலைமேலே, கடலைப் பார்த்துக்கொண்டு அது நிற்கிறது. மலையின் முனையில் கார்மேல் சபைத் துறவிகளின் மடமும் தேவமாதாவின் கோவிலும் உண்டு. ‘கடலின் நட்சத்திரம்’ என்பது அந்த மடத்தின் பெயர். கீழே மலையடியில் எலியாஸ் தீர்க்கதரிசியின் குகை என்று வணங்கப்படும் குகை இருக்கிறது. மடத்திலிருந்து குகைக்குக் கால்நடையாகவே இறங்கிவிடலாம். ஆனால் அந்தச் சிறு தூரத்துக்குள் நம் ஆத்துமத்துக்கு வேண்டிய ஒரு பெரிய பாடம் அடங்கியிருக்கிறது.

முதலில் அத்தேச ஜனங்களைப் பாரும். இன்று அங்கே ஏறக்குறைய 1 கோடிப் பேர் வாழ்கிறார்கள். பத்துப் பேரில் ஏழு பேருக்குச் சற்று மேல் யூதர். இரண்டு பேர் அரபியர். அரபியரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கிறிஸ்தவர்களோ நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. துரூஸ் என்னும் தனி மதத்தார் அவர்களிலும் சற்றுக் குறைவு. யூதரும் ஒரே நிறத்தார், ஒரே நடையுடையார் அல்லர். போலந்து, ருஷ்யா, மொரோக்கோ, ஏமன், எத்தியோப்பியா என்று பல தேசங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். நமக்கு அண்டையிலுள்ள கொச்சியிலிருந்து 1950-களில் போய்க் குடியேறி, பாலைநிலத்தில் பயிர் செய்தவர்களும் அவர்களில் உண்டு.

இத்தனை பேரும் வாரத்தின் நாட்களைக்கூட ஒரேவிதமாய்க் கழிப்பதில்லை. முஸ்லிமுக்கு வெள்ளி, யூதனுக்குச் சனி, நமக்கு ஞாயிறு. அங்கே ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். ஆகையால் சனிக்கிழமையன்றே பூசை காணும் கத்தோலிக்கர் பலர். வயோதிகரைப் பராமரிக்க நம் இந்திய தேசத்திலிருந்து போயிருக்கிற நர்ஸுகளும் பணியாளரும் அவர்களில் அடங்குவர். யூதர் மிகுந்த பட்டணங்களில் பெரும்பாலும் சனிக்கிழமை பஸ் ஓடாது. ஹைபாவிலோ ஆங்கிலேயர் ஆண்ட காலத்திலிருந்தே சில பஸ்கள் அன்றும் ஓடுகின்றன. விவாகமும் அவரவர் மத அதிகாரிகளின் கையில்தான் இருக்கிறது. யூதப் பெண்ணும் கிறிஸ்தவப் பிள்ளையாண்டானும் மணக்க விரும்பினால் சைப்பிரஸ் தீவு முதலான அந்நிய தேசத்துக்குப் போய் மணமுடித்து வருவதே வழக்கம். பிள்ளைகளில் பெரும்பாலோர் தத்தம் ஜாதிக்குரிய வெவ்வேறு பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள். ஒரே தெருவில் நடந்தும் ஒருவரையொருவர் அறியாமலே வளர்ந்துவிடுவது அங்கே எளிது.

பழைய காயமும் ஆறவில்லை. 1948-ம் வருஷ யுத்தத்துக்குமுன் ஹைபாவில் 60,000-க்கு மேற்பட்ட அரபியர் வாழ்ந்தார்கள். யுத்தம் முடிந்தபோது மிஞ்சியவர் ஏறக்குறைய 3,000 பேரே. அவர்களில் பெரும்பாலோரை வாடி நிஸ்னாஸ் என்னும் பேட்டையில் ஒதுக்கி வைத்தார்கள். வெறுமையாகிய வீடுகளில், ஹிட்லரின் கொலைக்களங்களுக்குத் தப்பி ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர் பலர் குடியேறினார்கள். வீட்டை இழந்தவனுக்கும் கண்ணீர். வீட்டில் குடிவந்தவனுக்கும் கண்ணீர். இவ்விருவரும் அயலாராய் வாழ்வதெப்படி?

இதற்கு விடை பெரிய மேடைகளில் அகப்படவில்லை. ஓர் உணவுச்சாலையில் அகப்பட்டது. ஹைபாவின் கடற்கரைச் சாலையில் மாக்சிம் என்றோர் உணவுச்சாலை. யூதக் குடும்பமொன்றும் அரபுக் கிறிஸ்தவக் குடும்பமொன்றும் கூட்டுச் சேர்ந்து நெடுங்காலம் அதை நடத்திவந்தார்கள். 2003-ம் வருஷம் அக்டோபர் 4-ம் தேதி சனிக்கிழமை, வெடிகுண்டைத் தன் உடலில் கட்டிக்கொண்டு வந்த ஒருத்தி அதற்குள் வெடித்தாள். 21 பேர் மாண்டார்கள். யூதரும் இறந்தார்கள், அரபியரும் இறந்தார்கள், குழந்தைகளும் இறந்தார்கள். அந்த இரண்டு குடும்பத்தாரும் என்ன செய்தார்கள்? ‘உன் ஜாதியாரால் வந்த வினை’ என்று பிரிந்து போனார்களா? இல்லை. இடிந்ததைக் கட்டி, சில மாதங்களில் மறுபடியும் இருவருமாய்ச் சேர்ந்தே கதவைத் திறந்தார்கள். வாசகரே, சமாதானம் என்பது நெஞ்சில் தோன்றும் இனிய உணர்ச்சியன்று. நேற்று அடிபட்ட கடையை இன்று அயலானோடு சேர்ந்து திறப்பதே சமாதானம்.

அதே பட்டணத்தில் ரம்பாம் என்னும் பெரிய ஆஸ்பத்திரி உண்டு. மைமோனிதெஸ் என்ற யூத வைத்தியரின் பெயரே அதற்கு இடப்பட்டிருக்கிறது. அவரோ எகிப்தில் முஸ்லிம் அரசவைக்கு வைத்தியம் பார்த்து, தம் நூல்களில் பெரும்பாலானவற்றை அரபு மொழியில் எழுதினவர். அந்தத் தேசத்து டாக்டர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அரபியர். 2024-ம் வருஷம் லெபனோன் பக்கமிருந்து ராக்கெட்டுகள் பாய்ந்த நாட்களில், நோயாளிகளை நிலத்துக்கடியிலுள்ள வண்டி நிறுத்தும் தளங்களுக்கு இறக்கினார்கள். அங்கே யூத டாக்டரும் முஸ்லிம் நர்ஸும் ஒரே கட்டிலின் இருபுறமும் நின்றார்கள். 2023-ம் வருஷம் அக்டோபர் மாதத்துப் படுகொலைக்கும், அதைத் தொடர்ந்து காஸாவில் நடந்த யுத்தத்துக்கும் பிறகு இரு திறத்தார் நெஞ்சிலும் சந்தேகம் புகுந்திருந்தது. ஆயினும் கட்டிலில் கிடந்தவனுடைய காய்ச்சல் அவர்களுடைய சந்தேகம் தீரும்வரை காத்திருக்கவில்லை.

இப்போது எலியாஸின் குகைக்கு வருவோம். இன்று யூத ஜெபத்தலமாய் விளங்கும் அக்குகைக்கு யூதரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் துரூஸ் மதத்தாரும் தலைமுறை தலைமுறையாய் நேர்த்திக்கடன் செலுத்த வந்திருக்கிறார்கள். எலியாஸ் எல்லோருக்கும் பொதுவானவரானது தற்செயலன்று. பஞ்ச காலத்தில் சர்வேசுரன் அவரை யாரிடம் அனுப்பினார்? சொந்த ஜனத்தாரில் ஒருத்தியிடமல்ல; சரெப்தா ஊரிலிருந்த ஒரு புறஜாதிக் கைம்பெண்ணிடம். அந்தச் சரெப்தா இன்றைய லெபனோன் தேசத்துக் கடற்கரையில் இருக்கிறது. பானையில் மிஞ்சியிருந்த கைப்பிடி மாவை அவள் அந்நியனுக்குப் பகிர்ந்தாள். பானையும் வெறுமையாகவில்லை. நமது ஆண்டவர் நசரேத்தூர் ஜெபக்கூடத்தில் இதை எடுத்துச் சொன்னபோது, கேட்டவர்கள் கோபவெறி கொண்டு அவரை மலையுச்சியிலிருந்து தள்ளப் பார்த்தார்களென்று அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். தேவ இரக்கம் அடுத்த வீட்டாருக்கும் உண்டு என்ற செய்தி அன்றும் கசந்தது, இன்றும் கசக்கிறது.

மலையின்மேல் 2023-ம் வருஷம் நடந்ததைக் கேளும். எலியாஸின் சீடர் எலிசேயுவின் கல்லறை மடத்தில் இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு, யூத பக்தர்களில் ஒரு கூட்டத்தார் அடிக்கடி அங்கே வந்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஹைபாக் கிறிஸ்தவர்கள் கலங்கி, மடத்தைக் காக்கத் திரண்டார்கள். மடத்தைச் சுற்றி வேலி எழும்பிற்று. அவ்வருஷம் ஆகஸ்டு மாதம் தேசத்தின் ஜனாதிபதியே மடத்துக்கு வந்து, கிறிஸ்தவர்களுக்கு எதிரான அத்துமீறல்களைக் கண்டித்தார். யோசித்துப் பாரும்: கீழே ஒரே தீர்க்கதரிசியின் பெயரால் நால்வகை மதத்தாரும் வந்த குகை, மேலே அவருடைய சீடர் பெயரால் எழும்பிய வேலி! ஜெபம் அவர்களைப் பிரிக்கவில்லை. ‘இது எனக்கே உரியது’ என்ற எண்ணம் பிரித்தது.

‘அப்படியானால் எல்லா மதமும் ஒன்றென்று சொல்லுகிறீரோ?’ என்று கேட்பீர். இல்லை. கார்மேல் துறவிகள் தங்கள் பூசையை விட்டுவிடவில்லை. யூதன் சனிக்கிழமை ஆசரிப்பை விடவில்லை. முஸ்லிம் தன் தொழுகையை விடவில்லை. சத்திய வேதத்தைப் பற்றி நிற்பது வேறு, அயலானுக்குக் கதவடைப்பது வேறு. முன்னது விசுவாசம், பின்னது வெறும் பயம். காயப்பட்டுக் கிடந்தவனை எடுத்துச் சென்ற சமாரியன் தன் மதத்தை மாற்றிக்கொண்டா சென்றான்? தன் கழுதையை விட்டு இறங்கினான், அவ்வளவே. ஆண்டவருக்கு அது போதுமாயிருந்தது.

ஆகவே, வாசகரே, இந்த வாரம் இரண்டு காரியம் செய்யும். முதலாவது, உமது வீட்டுக்கு அண்டையில் வேற்று மதத்தார் இருந்தால், அவர்களுடைய பெயரும் துன்பமும் உமக்குத் தெரியுமா என்று ஆத்தும சோதனை செய்யும். தெரியாவிட்டால் போய் விசாரியும். இரண்டாவது, அவர்களுடைய ஜாதியாரில் ஒருவன் எங்கோ செய்த குற்றத்தை உமது அயலான் தலையில் சுமத்தாதேயும். மாக்சிம் உணவுச்சாலைக்காரர் இருவரும் அப்படிச் சுமத்தியிருந்தால் அந்தக் கதவு என்றைக்கும் திறந்திராது.

இரவில் உத்தரியத்தை முத்தி செய்யும்போது, அந்த மலையடியில் வாழும் யூதருக்காகவும் முஸ்லிம்களுக்காகவும் துரூஸ் மதத்தாருக்காகவும் நம் சகோதரருக்காகவும், எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் மாண்ட எல்லோருக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லும். கார்மேல் மாதா ஒரு யூதப் பெண்ணாய்ப் பிறந்தவள். அரபியர் அவளைச் சுற்றுப்பிரகாரமாய்க் கொண்டுபோகிறார்கள். நீரும் அவளை அம்மா என்று அழைக்கிறீர். ஒரே தாயை அழைக்கிறவர் அவளுடைய அயலாரைப் பகைக்கலாமா?

ஆமென்.