தாத்தா எங்கே போயிருப்பார்?

விடுமுறை வேதாகமப் பள்ளியில் (வி.பி.எஸ்.) பாட்டு, கைவேலை, மனப்பாட வசனம் எல்லாம் முடிந்து பிஸ்கட் கொடுக்கப்போகும் நேரமாகப் பார்த்து ஒரு பிள்ளை கேட்கும்: "அக்கா, எங்க தாத்தா மாரியம்மனைத்தானே கும்பிட்டாரு. செத்துப் போயிட்டாரு. இப்ப அவரு எங்க இருப்பாரு?" அக்காவுக்கு மிஞ்சினால் இருபது வயது. கல்லூரி லீவில் வந்திருப்பாள். ஏப்ரல் கடைசியில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் அவளுக்குச் சைகைப் பாட்டு கற்றுக்கொடுத்தார்கள்; கதை சொல்லும் விதத்தையும், அட்டையில் நோவாவின் பேழை செய்வதையும் கற்றுக்கொடுத்தார்கள். தாத்தாவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

தேனி மாவட்டத்தில் இது எந்த ஊரிலும் வரக்கூடிய கேள்வி. போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கும் பொட்டிப்புரத்திலிருந்து தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று தெற்கே இறங்கினால், கிறிஸ்தவக் குடும்பம் என்பது தனித்தீவாக இருப்பது அபூர்வம். அண்ணன் சபைக்குப் போவார். தம்பி ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுப்பார். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் அத்தை தீச்சட்டி எடுப்பாள். அதே வாரம் அவளுடைய அண்ணன் மகள் வி.பி.எஸ். நாடகத்தில் வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு தேவதூதனாக நிற்பாள்.

இந்த அக்காவைப் போன்றவர்களுக்கும் ஊர் ஊழியர்களுக்கும் நடத்தும் கோடைக்கால இறையியல் வகுப்பு பத்து நாளா, மூன்று வாரமா என்று கேட்பவர்கள் உண்டு. அது இந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பக்கத்திலாவது போகிறதா என்று கேட்பவர்கள் குறைவு.

கோடைக்கும் இறையியலுக்கும் முடிச்சுப் போட்டது அமெரிக்கா. 1874 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்து ஷடாக்வா ஏரிக்கரையில் ஜான் ஹெய்ல் வின்சென்ட் என்ற மெதடிஸ்ட் போதகரும் லூயிஸ் மில்லர் என்ற தொழிலதிபரும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கென்று ஒரு முகாம் நடத்தினார்கள். படிப்பும் காற்றும் சேர்ந்து கிடைத்ததால் அது ஆண்டுதோறும் பெருகியது. பிள்ளைகளுக்கான கோடைப் பள்ளி பின்னால் வந்தது. 1898-இல் நியூயார்க்கின் நெரிசலான பகுதியில் ஒரு பெண்மணி மதுக்கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து அதை நடத்தினார். 1901 முதல் ராபர்ட் போவில் என்ற போதகர் அதை நகரம் முழுவதும் கொண்டுபோனார். இன்று தமிழ்நாட்டில் மே மாதம் பிறந்தால் தெருவுக்குத் தெரு கேட்கும் வி.பி.எஸ். பேரணிச் சத்தத்தின் ஆதி அந்த மதுக்கூடம்தான். நம் பாஸ்டர்களுக்கு இதைச் சொன்னால் கொஞ்சம் சங்கடப்படுவார்கள்.

தேனி மாவட்டத்தின் இந்தப் பள்ளத்தாக்கில் மே மாதத்துக்கு வேறொரு கணக்கும் உண்டு. பெரியாறு அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 1-ஆம் தேதி முதல்போகத்துக்குத் திறப்பார்கள். 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பி இருக்கிறது. மலையில் ஏலக்காய் எடுப்பும் மழைக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். அதுவரை வயலும் தோட்டமும் ஆளைக் கொஞ்சம் விட்டுவைக்கும். கூலி வேலைக்கோ ஜீப் ஓட்டவோ போய்க்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டம் நடத்தும் சாதாரண ஊழியருக்கு உட்கார்ந்து படிக்கக் கிடைப்பது அந்த இடைவெளி மட்டுமே. நான்காண்டு இறையியல் பட்டத்துக்கு அவர் எங்கே போவார்?

தாத்தாவிடம் திரும்பி வருவோம். பிள்ளையின் அந்தக் கேள்விக்காக உலகத்துப் பெரிய தலைகள் கூடியது நம் தாம்பரத்தில். 1938 டிசம்பரில் சர்வதேச மிஷனரி மன்றத்தின் மாநாடு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் புது வளாகத்தில் நடந்தது. டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் அதற்கென்றே ஒரு தடித்த புத்தகம் எழுதியிருந்தார். கிறிஸ்துவில் கடவுள் தம்மை வெளிப்படுத்தியதும் மனிதர்களின் மதங்களும் ஒரே ஏணியின் படிகள் ஆகமாட்டா, நடுவில் ஒரு பிளவு இருக்கிறது என்பது அவர் கட்சி. சென்னையில் அதற்கு எதிர்க்கட்சி தயாராக இருந்தது. பி. சென்சையா, வி. சக்கரை முதலியோர் இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திக்கவேண்டும் என்று அதே ஆண்டில் ஒரு தொகுப்பு நூலை வெளியிட்டிருந்தார்கள். இந்து முன்னோர்களை ஒதுக்கித்தள்ளிவிட்டு இந்தியக் கிறிஸ்தவன் கிறிஸ்துவைப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இந்த இருவருமே பட்டம் பெற்ற குருக்கள் கிடையாது. சென்சையா நீதித்துறைக்காரர். சக்கரை வழக்கறிஞர், தொழிற்சங்கவாதி, பின்னாளில் சென்னை மேயர். இந்திய இறையியல் வரலாற்றில் தவிர்க்கமுடியாத பெயர்களில் இரண்டு, கோர்ட்டிலிருந்து வந்தவை.

கத்தோலிக்கத் திருச்சபை தன் பதிலை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964-65-இல் எழுதிவைத்தது. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், உண்மையான மனத்தோடு கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்புப் பெறலாம் என்பது அதன் போதனை. சீர்திருத்த சபைகளிடம் ஒரே பதில் இல்லை. ஆகவே இன்று அந்தப் பிள்ளை மூன்று பேரிடம் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். தனிச்சபை பாஸ்டர்கள் பலர் தயங்காமல் நரகம் என்பார்கள். பங்குச் சாமியார் சங்கத்தின் போதனையை எளிமையாக்கிச் சொல்வார். சி.எஸ்.ஐ. ஐயர், "அதை ஆண்டவர் கையில விட்டுருவோம் தம்பி" என்பார். மூன்றாவது பதில் பெரும்பாலும் நழுவுவதற்காகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஏன் விடவேண்டும், தீர்ப்புச் சொல்லும் உரிமை மனிதனுக்கு ஏன் இல்லை என்று விளக்கத் தெரிந்தவர் சொன்னால், மூன்றில் கனமானது அதுதான். நழுவலையும் இறையியலையும் பிரிப்பது அந்த விளக்கம். பத்து நாள் வகுப்பில் அதைக் கற்றுக்கொடுக்க முடியும்.

முடியாது என்று நினைப்பவர்கள் தமிழ்ச் சபைகளின் வரலாற்றைப் பார்க்கட்டும். நீண்ட படிப்புப் படித்தவர்கள் அந்தச் சபைகளை நட்டிருக்கலாம். தண்ணீர் ஊற்றியது ஊரிலேயே இருந்து சபையைக் கவனித்த உபதேசியார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1716-இல் உபதேசியார்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். மதுரை மிஷனின் இயேசு சபையார், வேதியர் என்று அவர்கள் அழைத்த உபதேசியார் இல்லாமல் ஒரு ஊருக்குள்ளும் காலூன்றியதில்லை. வீரமாமுனிவர் அவர்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். சாமியார் ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் ஊரில், சாகக்கிடப்பவன் அருகே உட்கார்ந்து ஜெபம் சொன்னவரும் பிறந்த குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தவரும் வேதியர்.

ஆனாலும் அவருக்கு இரண்டாம் பந்திதான். தஞ்சாவூர்ப் படையில் வேலை பார்த்த இராஜநாயக்கன் தமிழில் அச்சான நற்செய்தி நூலைப் படித்துத் தரங்கம்பாடி லுத்தரன் சபைக்கு வந்தவர். தஞ்சைப் பகுதியில் பல ஆண்டுகள் உபதேசியாராக உழைத்தவர். 1733-இல் ஆரோன் முதல் இந்தியப் போதகராக அபிஷேகம் பெற்றார். அடுத்து யார் என்ற பேச்சு வந்தபோது இராஜநாயக்கன் பெயரும் அடிபட்டது. 1741-இல் அபிஷேகம் பெற்றவர் தியோகு. இராஜநாயக்கன் பறையர், அவர் கையால் வேளாளக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்ற அச்சம் மிஷனரிமாரைத் தடுத்தது. கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். படிப்புப் போதவில்லை என்று அவரை ஒதுக்கியிருந்தால்கூட ஒரு நியாயம் பேசலாம்.

நம் பக்கத்துக்கே வந்தால், அமெரிக்கன் மதுரா மிஷன் 1845-இல் இரண்டு காரியம் செய்தது. திருமங்கலத்தில் தொடங்கிய தன் செமினரியைப் பசுமலைக்கு மாற்றியது. காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பக் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியது. கோடை வந்தால் மிஷனரி குடும்பங்கள் பெரியகுளம் பக்கத்து மலைப்பாதையில் டோலியிலும் குதிரையிலும் ஏறிவிடும். இயேசு சபையாரும் 1895-இல் செண்பகனூரில் கல்லூரி வைத்தார்கள். மேலே குளிரில் தத்துவமும் இறையியலும். கீழே வெயிலில் உபதேசியார். யாரையும் குறை சொல்வதற்கில்லை. மலையேறாமல் இருந்து செத்தவர்களின் கல்லறைகள் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் இருக்கின்றன. ஆனால் சிந்திப்பது மேலே, செய்வது கீழே என்ற அந்த ஏற்பாடு, மலைப்பாதை மாறிய பிறகும் மனத்தில் தங்கிவிட்டது.

அதை உடைக்கப் பார்த்த முயற்சிகளும் உண்டு. 1963-இல் குவாத்தமாலாவில் பிரெஸ்பிட்டேரியன் செமினரி ஒன்று, படித்து முடித்தவர்கள் கிராமத்துக்குத் திரும்புவதில்லை என்பதைப் பார்த்துவிட்டு, செமினரியையே கிராமத்துக்கு அனுப்பியது. விவசாயி தன் ஊரிலேயே பாடத்தைப் படிப்பார். ஆசிரியர் பஸ் ஏறி வந்து அவரோடு விவாதிப்பார். அந்த வழி இந்தியாவுக்கு வந்து 1971-இல் பெங்களூரில் டாஃப்டீ என்ற விரிவாக்க இறையியல் கல்வி அமைப்பாக வேர்விட்டது. மதுரை அரசரடியில் 1969-இல் பிறந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரி எதிர்த்திசையில் போனது: மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியை வளாகத்துக்கு வெளியே, ஏழைகளோடு குடியிருந்து கழிக்கவேண்டும். அங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, ஊரில் பறட்டை அண்ணன், கீர்த்தனைகளின் கர்நாடக மெட்டை ஓரம் வைத்துவிட்டு நாட்டுப்புற மெட்டில் ஆராதனைப் பாட்டுக் கட்டினார். எல்லோருக்கும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடுவதுதான் அவருடைய நற்கருணை இறையியல். சாதி பார்த்துப் பந்தி பிரிக்கும் ஊர்க்காரருக்கு அதை விளக்க அகராதி தேவைப்படவில்லை.

இன்றைய கோடை வகுப்புகளில் பலவற்றைப் பார்த்தால், செமினரியின் நான்கு ஆண்டைப் பிழிந்து பத்து நாள் சாறு எடுத்ததுபோல் இருக்கிறது. காலையில் பழைய ஏற்பாட்டு அறிமுகம், பதினொரு மணிக்குச் சபை வரலாறு, மதியம் சாம்பார் சாதத்துக்குப் பிறகு, தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில், திரித்துவம். கடைசி நாள் சான்றிதழும் குரூப் போட்டோவும். சிலர் அங்கிருந்து நேரே 'டாக்டர்' பட்டத்துக்குத் தாவிவிடுவதும், அது போஸ்டரில் பெயருக்கு முன்னால் ஏறிவிடுவதும் ஊரறிந்த கதை. சான்றிதழ் வாங்கியவரிடம் அடுத்த வாரமே ஒரு பையன் வந்து நிற்பான்: "ஐயா, ஞானஸ்நானம் எடுத்துட்டேன். சாதிச் சான்றிதழ்ல என்ன போடுறது?" 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதியில் வரமாட்டார்; தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். படிப்பும் வேலையும் ஒரு தட்டில், விசுவாசத்தை வெளியே சொல்வது மறு தட்டில். பொய் சொல்லாதே என்று ஒற்றை வரியில் முடிக்கிறவர் அந்தப் பையனின் வீட்டில் ஒரு நாள்கூட இருந்து பார்க்காதவர்.

ஊழியரிடம் பதில் இல்லாத இந்த நிலை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1528-இல் சாக்சனிக் கிராமங்களைச் சுற்றிப் பார்த்த லூத்தர், ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லை, குருக்களில் பலருக்குக் கற்பிக்கத் தெரியவில்லை என்று கொதித்துப்போனார். அடுத்த ஆண்டே சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். வீட்டில் தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்குச் சிறியது, கேள்வி பதில் வடிவம். அதில் கேள்வியையும் லூத்தரே எழுதினார். அந்தப் பழக்கத்திலிருந்து நாம் இன்னும் வெளியே வரவில்லை.

வகுப்பின் முதல் நாள் காலையை ஆசிரியர் பேசாமல் விட்டுப் பார்க்கலாம். போன வருஷம் உங்களிடம் ஜனங்கள் கேட்டு, நீங்கள் பதில் தெரியாமல் விழித்த கேள்வியைச் சீட்டில் எழுதுங்கள் என்று சொன்னால் போதும். சாவு வீட்டில் கேட்டவை, குடிகாரப் புருஷனைச் சகித்துக்கொள்ளச் சொல்வதா என்று பெண்கள் கேட்டவை, மலைச்சாலையில் ஜீப் கவிழ்ந்து போன கூலிப் பெண்ணின் வீட்டார் கேட்டவை வரும். பழைய ஏற்பாடும் சபை வரலாறும் அந்தச் சீட்டுகளுக்குள்ளேயே தேவைப்படும். யோபு இல்லாமல் அந்த ஜீப்புக்குப் பதில் சொல்ல முடியாது. வகுப்பில் பெண்கள் நிறைய இருப்பார்கள் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். சி.எஸ்.ஐ. 2013-இல் நந்தியால் பேராயத்துக்கு ஒரு பெண்ணையே பேராயராக்கியது. கோடைப் பயிற்சியில் பிரசங்க வகுப்பு ஆண்களுக்கு, பிள்ளைகள் வகுப்பு பெண்களுக்கு என்று பிரிக்கும் சபைகள் அந்தச் செய்தியை இன்னும் படிக்கவில்லை போலிருக்கிறது.

அப்படி ஒரு வகுப்பைப் பொட்டிப்புரத்திலேயே நடத்தினால் ஆதியாகமப் பாடம் எடுப்பவர் பாடு கஷ்டம். சுமார் 1,500 கோடி ரூபாயில், மலைக்கடியில் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்புக் கருவி வைக்கும் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது இந்த ஊர் மலைக்குத்தான். வெடிவைத்தால் தண்ணீர் என்னாகும், மேய்ச்சல் என்னாகும் என்று ஊரார் போராடினார்கள், வழக்குகள் நடந்தன, 2022-இல் தமிழ்நாடு அரசு இந்தத் திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. அங்கே வந்து ஆறு நாள் படைப்பைக் கரும்பலகையில் படம் போட்டுவிட்டு நகர முடியாது. பூமியை ஆண்டுகொள்ளச் சொன்னதில் மலையைக் குடைவதும் சேர்த்தியா, கடவுள் படைத்ததைத் தெரிந்துகொள்ளும் ஆசை பாவமா புண்ணியமா என்று இரண்டு பக்கமும் கேட்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து இயற்பியல் ஆசிரியர் ஒருவரையும், மலையில் ஆடு மேய்ப்பவர் ஒருவரையும் கூப்பிட்டு உபதேசியார் பக்கத்தில் உட்காரவைப்பது நல்லது.