விற்காத நாழிகை

"விளையாடும் வயதா இது?" என்று வளர்ந்தவரைக் கேட்பது நம்மிடையே பழிப்புரையாகவே வழங்குகிறது. பொறுப்பற்றவனை 'விளையாட்டுப் பிள்ளை' என்கிறோம். ஆயினும் இதே தமிழ்தான் இறைவனின் அருட்செயலைத் 'திருவிளையாடல்' என்று போற்றுகிறது. இறைவனுக்குப் பெருமையாய் இருப்பது மனிதனுக்கு மட்டும் இழிவாவது எங்ஙனம்?

இக்கேள்வியைச் சின்ன காஞ்சிபுரத்தில் வைத்துக் கேட்டால் அதன் கனம் விளங்கும். வரதராசப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற இவ்விடம் பட்டு நெசவுக்கும் உரியது. குழித்தறியில் கால்களை இறக்கி அமரும் நெசவாளி நெய்து முடித்த சேலைக்கே கூலி பெறுகிறார். உழைத்த மணிகளுக்கு அன்று. ஒரு சேலை முடிய வாரங்களும் ஆகலாம். கோர்வைச் சேலையில் கரைக்கெனத் தனி நாடா ஓடவேண்டும். அதற்குத் துணையாள் வேண்டும். அவ்விடத்தில் ஒரு காலத்தில் சிறுவர்களும் அமர்த்தப்பட்டனர்.

குழந்தைக்கு விளையாட்டு ஓர் உரிமை என்பதை 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. சிறுவன் தறியைவிட்டு எழவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவன் தந்தை? ஒரு மணி நேரம் எழுந்தால் ஒரு மணி நேரக் கூலி போகுமே! அவரிடம் 'விளையாடுங்கள்' என்பது வயிறு நிறைந்தவரின் உபதேசம் அல்லவா?

இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆயினும் விளையாட்டு என்பது யாது என எண்ணிப் பார்ப்போம். உழைப்பு ஊதியத்திற்காக, உறக்கம் நாளைய உழைப்பிற்காக. விளையாட்டு ஒன்றே வேறெதற்காகவும் அன்று. அந்நேரத்தில் மனிதன் எவருடைய கருவியும் அல்லன். தறியின் உறுப்பும் அல்லன். எனவே அதனை முற்றும் இழந்தவன் இன்பத்தை மட்டுமன்று, தான் யார் என்னும் உணர்வையும் இழக்கிறான்.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா இதனை ஒரு நற்பண்பாகவே ஆராய்ந்தார். உடலின் களைப்பிற்கு ஓய்வு வேண்டுவதுபோல, உள்ளத்தின் களைப்பிற்கு மகிழ்ச்சி வேண்டும் என்பது அவர் கருத்து. நற்செய்தியாளர் யோவான் சீடரோடு விளையாடியதைக் கண்டு இடறல்பட்டோரின் கதையை அவர் எடுத்தாள்கிறார். எப்போதும் வளைத்தே வைத்த வில் முறியும் என்பதே அக்கதையின் பாடம். இதை நெசவாளிக்கு விளக்கவும் வேண்டுமோ? பாவு தளர்ந்தால் நெசவு கெடும். மிகையாய் இறுகினால் இழை அறும். அளவின்றி விளையாடுவது குற்றமே. ஆனால் தானும் மகிழாது, பிறர் மகிழ்வையும் கெடுப்பதும் குற்றமே என்றார் அவர்.

விவிலியமும் இவ்வழியே பேசுகிறது. நீதிமொழிகள் நூலின் 8ஆம் அதிகாரத்தில் படைப்பின் தொடக்கத்தில் ஞானம் இறைவன் திருமுன் களிகூர்ந்து நிற்கிறது. செக்கரியா காணும் புதிய எருசலேமில் முதியோர் தெருக்களில் அமர்ந்திருக்க, சிறுவர் சிறுமியர் விளையாடுகின்றனர். மீட்கப்பட்ட நகரின் அடையாளம் அவருக்கு அரண்மனையன்று, அச்சமற்ற தெரு.

எல்லா ஆட்டமும் விளையாட்டன்று. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழகத்தில் 2023இல் ஒரு சட்டமே நடைமுறைக்கு வர நேர்ந்தது. பணம் புகுந்த ஆட்டம் கூலியினும் கொடிய வேலையாகிறது. கைப்பேசியில் பிறர் ஆடுவதை இரவெல்லாம் பார்த்திருப்பதும் விளையாட்டாகாது. நமக்குத் தாயமும் பல்லாங்குழியும் உண்டு. ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் பழைய கோயில்கள் பலவற்றின் தளக்கற்களில் இன்றும் காணக்கிடைக்கின்றன. நான்கு கூழாங்கற்களோடு வளர்ந்தோரும் அங்கே அமர்ந்திருப்பர் அன்றோ?

எனினும், 'நேரம் ஒதுக்குங்கள்' என்று நெசவாளியிடம் மட்டும் சொல்வது பாதி அறமே. இணைச்சட்ட நூலின் ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவனோடு முடியவில்லை. அவனுடைய அடிமையும் அவனைப் போலவே இளைப்பாறவேண்டும் என்கிறது. அப்படியாயின் கேள்வி கூலி தருவோரையும், திருமணத்திற்குப் பட்டு வாங்கும் நம்மையும் நோக்கித் திரும்புகிறது. ஒரு நாழிகை எழுந்தாலும் உலை கொதிக்கும் அளவுக்குக் கூலி இருக்கிறதா?

நாள் ஒன்றுக்கு 60 நாழிகை என்பது நம் முன்னோர் கணக்கு. அவற்றுள் ஒன்றையேனும் விற்காமல் வைத்துக்கொள்வது நமக்குரிய கடமை. பிறரும் அதனை விற்காமலிருக்க வழிசெய்வது நீதி.