பின்தேதியிட்ட நீதி

நடந்து முடிந்ததை நடக்காததாக்கக் கடவுளால் ஆகுமா? 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி பீட்டர் டேமியன் இதைப் பற்றி ஒரு நீண்ட மடலே எழுதினார். ஆகாது, அது முரண்பாடு என்றார் பின்னால் வந்த தாமஸ் அக்வினாஸ்.

இறையியலாளர்கள் திணறிய இடத்தில் அரசாணைகள் தயங்குவதில்லை.

பிரெஞ்சு ராணுவத்தின் யூத கேப்டன் ஆல்ஃபிரட் டிரேஃபுஸ், செய்யாத துரோகத்துக்காக 1894இல் தண்டிக்கப்பட்டு, டெவில்ஸ் தீவில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தார். 1906 ஜூலை 12 அன்று நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. மறுநாளே நாடாளுமன்றம் இரண்டு சட்டங்கள் இயற்றியது. டிரேஃபுஸ் பற்றிய உண்மையைச் சொன்னதற்காக வேலையிழந்திருந்த ராணுவ அதிகாரி பிக்கார், பிரிகேடியர் ஜெனரல் ஆனார். அதுவும் 1903 ஜூலையிலேயே ஆகிவிட்டதாகக் கணக்கு! டிரேஃபுஸுக்கோ மேஜர் பதவி, அன்றைய தேதியோடு. சிறையில் போன காலம் பணிமூப்பில் சேரவில்லை. மனம் நொந்து 1907இல் ஓய்வு பெற்றார்.

பதவித் தேதி என்பது நிகழ்ச்சி அல்ல, நிறுவனம் தரும் வாக்கு. ஆகவே பிக்காரின் பின்தேதி பொய்யாகாது. அக்வினாஸும் கோபித்துக்கொள்ள மாட்டார். டிரேஃபுஸின் தேதிதான் பொய். சிறையில் இருந்த ஆண்டுகளில் அவர் பணியில் இல்லை என்றது பதவி ஏடு. அவருக்கு விலங்கு மாட்டியதே அந்த அரசுதானே?

2025 ஜூன் 2 அன்று பிரெஞ்சு கீழவை அவருக்கு பிரிகேடியர் ஜெனரல் பதவி வழங்க ஒருமனதாக வாக்களித்தது. டிரேஃபுஸ் இறந்தது 1935இல்.