வீரர் என்னும் ஒரு சொல்

நூம்பலிலும், அதை அடுத்த வேலப்பன்சாவடி, ஐயப்பன்தாங்கல் பகுதிகளிலும் மாலை வேளையில் தேநீர்க் கடைகளில் கூடும் கல்லூரி மாணவர்களின் பேச்சு பெரும்பாலும் விளையாட்டைப் பற்றியதாகவே இருக்கும். தம் கல்லூரிக் கால்பந்து அணி இவ்வாண்டு அரையிறுதியைத் தாண்டுமா, கோல்கீப்பரின் முழங்கால் தேறிவிட்டதா என்று விவாதம் நீளும். 2024 அக்டோபர் இறுதியில் 'அமரன்' திரைப்படம் வெளிவந்தபின், அதே பேச்சில் மேஜர் முகுந்த் வரதராஜனும் இடம்பெறலானார். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் பயின்றவர் அல்லவா? 'நம்ம ஊர்க்காரர்' என்று அவர்கள் பெருமை கொள்வது இயல்பே.

இரு பேச்சும் ஒரே மூச்சில், ஒரே உற்சாகத்தில் நடப்பதுதான் நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது. நம் மொழியும் அதற்கு இடந்தருகிறது. பந்தை உதைப்பவரும் வீரர். குண்டடிபட்டு மடிபவரும் வீரர். ஒரே சொல் இருவருக்கும் பொருந்துமா?

விளையாட்டு ரசிகரை இகழ்வது நமக்கு எளிது. ஆனால் அது நியாயமன்று. ஆண்டுதோறும் தோற்கும் அணியோடு ஆண்டுதோறும் நிற்கிறவனிடம் ஓர் அறம் உண்டு. தனக்கென்று எதையும் எதிர்பாராத பற்று அது. 'நான்' என்பதை மறந்து 'நாம்' என்று சொல்லப் பல இளைஞர் முதன்முதலில் கற்பது மைதானத்தின் ஓரத்தில்தான். மாவீரன் ஒருவனைப் போற்றத் தெரிந்த உள்ளம் இத்தகைய பயிற்சியிலிருந்தே பிறக்கிறது எனலாம்.

ஆயினும் ஆட்டத்துக்கும் போருக்கும் இடையே ஒரு கோடு உண்டு. ஆட்டத்தில் தோற்றவர் அடுத்த ஆண்டு மீண்டும் களமிறங்குவர். போரில் வீழ்ந்தவருக்கு அடுத்த ஆண்டு என்பது இல்லை. இக்கோட்டை அழிக்க முயன்ற நிகழ்ச்சி ஒன்று வரலாற்றில் உண்டு. 1916 ஜூலை 1 அன்று, பிரான்சு நாட்டில் சொம் போர் தொடங்கிய காலையில், வில்பிரட் நெவில் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் தம் வீரர்களிடம் கால்பந்துகளைக் கொடுத்து, அவற்றை உதைத்துக்கொண்டே பகைவரை நோக்கி முன்னேறச் செய்தார். அச்சத்தை மறக்கச் செய்யும் உபாயம் அது. நெவில் அன்றே இறந்தார். அந்த ஒரே நாளில் பிரித்தானியப் படையில் மடிந்தோர் 19,000-க்கு மேற்பட்டோர். தாயகத்து மக்கள் பந்துகளின் கதையைக் கேட்டு ஆர்ப்பரித்தனர். ஆனால் ஆட்டத்தின் மொழி எவ்வளவு அழகாயிருந்தபோதிலும், கல்லறைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக்கூட அது குறைக்கவில்லை.

முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் உயிர்நீத்தபோது அவருக்கு வயது 31. அதே மோதலில் விக்ரம் சிங் என்னும் படைவீரரும் மாண்டார். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2015 குடியரசு நாளில் அசோகச் சக்கர விருதைப் பெற்றுக்கொள்ள முகுந்தின் துணைவியார் இந்து ரெபேக்கா வர்கீஸ் மேடையேறினார். நாடே கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்தபின், தந்தையில்லாமல் ஒரு மகளை வளர்க்கும் நாள்கள் அந்த ஒரு வீட்டுக்கு மட்டுமே உரியவை. வெற்றி ஊருக்கெல்லாம், இழப்போ ஒரு குடும்பத்துக்கு என்றால், அந்தப் போற்றுதலில் ஏதோ குறைகிறது அன்றோ?

நம் முன்னோர் இக்குறையை உணர்ந்திருந்தனர். திருவண்ணாமலை, தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் பல்லவர் கால நடுகற்கள் பல கிடைத்துள்ளன. ஆநிரை மீட்கவோ ஊரைக் காக்கவோ போரிட்டு மடிந்தவனின் பெயரும், அவன் மடிந்த விதமும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. மடிந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கமும் இருந்தது. அந்நிலத்துக்கு 'உதிரப்பட்டி' என்று பெயர். உதிரம் சிந்தியவனுக்காக ஊரார் தம் மண்ணில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். கல் நட்டதோடு அவர்கள் கடமை முடிந்துவிடவில்லை. போற்றியவர்களும் ஏதோ ஒன்றை இழந்தார்கள். ரசிகனின் ஆர்ப்பரிப்புக்கும் நன்றியுள்ள ஊரின் மரியாதைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

புனித பவுல் அடிகளாரும் போர்வீரனையும் பந்தய வீரனையும் அருகருகே வைத்துப் பேசியுள்ளார். திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அவ்விருவரையும் அடுத்தடுத்து நிறுத்துகிறார். அத்தோடு நில்லாமல், மூன்றாவதாக உழவனையும் சேர்க்கிறார். உழவனுக்குக் கைதட்டுவார் யாருமில்லை. அவனுக்கு மேடையும் இல்லை, பதக்கமும் இல்லை. துன்பத்தில் பங்குகொள்வது, ஒழுங்குக்கு உட்படுவது, பாடுபடுவது ஆகியவையே மூவரையும் இணைக்கின்றன, ஆரவாரம் அன்று. இவ்வாறு நோக்கினால் 'வீரர்' என்னும் ஒரே சொல் இருவருக்கும் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அச்சொல்லைப் பயன்படுத்தும் நம்மிடமிருந்தும் அது பாடுபடுதலை எதிர்பார்க்கிறது.

கிறித்தவர்களாகிய நாம் போரை விரும்புகிறவர்கள் அல்லர். போரை வெறுப்பவர்தாம் அதில் மடிந்தவரை உண்மையாக மதிக்க முடியும். ஏனெனில் இழந்தது என்ன என்பதை அவர் அறிவார். இளைஞர்கள் முகுந்தைப் பற்றிப் பேசுவது நல்லதே. மறந்துவிடுவதைவிட அது மேலானது. அப்பேச்சு எதில் போய் முடிகிறது என்பதையே நாம் கேட்க வேண்டும்.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. படையினரின் குடும்பங்களுக்கும் முன்னாள் படைவீரர்க்கும் உதவ அன்று நிதி திரட்டப்படுகிறது. அது நம் காலத்து உதிரப்பட்டி. ஆனால் சில்லறைக் காசோடு அதை முடித்துவிடுகிறோம். ஆவடியைச் சுற்றி முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவர்களுள் தனித்திருக்கும் முதியவரைச் சென்று காணவும், கைம்பெண்ணின் ஓய்வூதிய விண்ணப்பத்தை எழுதித்தரவும், நவம்பர் மாதத் திருப்பலியில் விக்ரம் சிங் போன்றோரையும் பெயர்சொல்லி நினைவுகூரவும் நம் பங்கு இளைஞர்களால் முடியும். அடுத்த ஆட்டத்துக்கான காத்திருப்பில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குவார்களா? அவர்களைக் கேட்குமுன், பெரியவர்களாகிய நாம் ஒதுக்குவோமா?